மூன்று நாளில் ஆலோசகர் ஆகிவிட முடியாது

பள்ளிகளுக்கு மனநல ஆலோசகர்களைத் தயார்செய்யும் பொறுப்பில் உள்ள கல்வி அலுவலர்களுக்கும், அவர்களுக்காகப் பயிற்சி நடத்தித் தரும் நிறுவனங்களுக்கும்,

பள்ளிக்கு ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து, மூன்று நாள் பயிற்சி கொடுத்து, நான்காம் நாள் முதல் அவரே அந்தப் பள்ளியின் ஆலோசகர் என்று எழுதி வைக்கும் ஏற்பாட்டை எங்களால் ஏற்க முடியவில்லை. ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்கள் பேசிய பேச்சை வரிவரியாகத் திருத்துவதும் எங்கள் தொழில். எந்த இடத்தில் என்ன உடையும் என்று தெரிந்துதான் எழுதுகிறோம்.

உங்கள் பயிற்சி அட்டவணை ஒன்று எங்கள் மேசையில் இருக்கிறது. முதல் நாள் குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்புரை முடிய மணி பதினொன்றரை. பிறகு வளரிளம் பருவம் பற்றிப் படக்காட்சி. மதியம் மன அழுத்தம். இரண்டாம் நாள் போக்சோ சட்டம் ஒரு மணி நேரம், போதைப் பழக்கம் ஒரு மணி நேரம், கைபேசி ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் யோகா, நினைவாற்றல், கருத்துக் கேட்பு, சான்றிதழ், குழுப்படம். அறுபது பேர் உட்கார்ந்திருந்த அந்தக் கூடத்தில், ஒருவர் இன்னொருவர் எதிரே உட்கார்ந்து பதினைந்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்பதற்கு எங்கேயும் இடமில்லை. நீச்சல் பயிற்சியில் மூன்று நாளும் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசியதுபோல.

நம் ஊரில் ‘கவுன்சிலிங்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியையும் சொல்ல வேண்டும். பொறியியல் இடம் ஒதுக்குவது கவுன்சிலிங். ஆசிரியருக்கு இடமாறுதல் தருவது கவுன்சிலிங். முடி வெட்டாமல் வந்த பையனைத் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கவைத்து அரை மணி நேரம் பேசுவதும் கவுன்சிலிங்தான். “நல்லா கவுன்சிலிங் குடுத்து அனுப்பியிருக்கேன் சார்” என்றால் பையன் வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று பொருள். சொல் இந்த நிலைமையில் இருக்கும்போது, பயிற்சியின் முதல் வேலை புதிதாக ஒன்றைக் கற்றுத்தருவது அல்ல. இருபது வருடமாக வகுப்பில் பழகிய வாயை அடக்கக் கற்றுத்தருவது. அதற்கே மூன்று நாள் போதாது.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை உங்கள் சுற்றறிக்கைகள் மேற்கோள் காட்டுகின்றன. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு அது. அதில் 15 வழிகாட்டுதல்கள் உள்ளன. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள நிறுவனம், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்றிருப்பதைக் காட்டக்கூடிய, தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்பது ஒன்று. ஆசிரியர், ஆசிரியர் அல்லாதவர் அனைவரும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது உளவியல் முதலுதவி, எச்சரிக்கை அறிகுறிகள், தன்னைக் காயப்படுத்திக்கொள்வதை எதிர்கொள்ளும் முறை, பரிந்துரைக்கும் வழி ஆகியவற்றில் பயிற்சி பெற வேண்டும் என்பது இன்னொன்று.

இவை இரண்டு தனித்தனி ஏற்பாடுகள். நீங்கள் செய்திருப்பது, இரண்டாவதில் காவலாளி முதல் ஆய்வக உதவியாளர் வரை எல்லோருக்கும் தர வேண்டிய பயிற்சியை ஒரே ஓர் ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டு, முதலாவதும் நிறைவேறிவிட்டது என்று கணக்கு எழுதியது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று தோன்றலாம். இரண்டுமே விழவில்லை. ஆலோசகரும் கிடைக்கவில்லை, மற்ற நாற்பது பேருக்கு அறிகுறி பார்க்கவும் தெரியவில்லை. உங்கள் மூன்று நாள் அட்டவணை மோசமானது என்று நாங்கள் சொல்லவில்லை. விளக்கேற்றுவதைக் குறைத்தால், எல்லா ஊழியர்களுக்குமான பயிற்சியாக அது நன்றாகவே இருக்கும்.

ஆலோசகர் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று தேடி வெளிநாட்டுக்கும் போக வேண்டியதில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) வழிகாட்டுதல், ஆலோசனைக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. ஆறு மாதம் இருந்த இடத்திலிருந்தே பாடம், மூன்று மாதம் நேரடி வகுப்பும் செய்முறையும், மூன்று மாதம் களப்பயிற்சி. தமிழ்நாட்டுக்கான அதன் மண்டலக் கல்வி நிறுவனம் மைசூரில் இருக்கிறது. பணியில் உள்ள ஆசிரியரை அரசு தன் சார்பில் அனுப்பவும் அதில் வழி உண்டு. அமெரிக்காவில் ஆலோசகர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு 100 மணி நேர முன்பயிற்சியும், அதன்மேல் 600 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கிறது. அந்த 600-ல் 240 மணி நேரம் நேரடியாக ஆளோடு உட்கார்ந்ததாக இருக்க வேண்டும். அந்த எண்ணை நாளைக்கே இங்கே கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. அங்கே எதை எண்ணுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து சொற்பொழிவு கேட்ட நேரத்தை அல்ல, மேற்பார்வையோடு எதிரே ஒருவரை வைத்துக் கேட்ட நேரத்தை.

செய்முறை என்றால் எங்கள் கணக்கு இது. மூன்று பேர் ஒரு குழு. ஒருவர் பேசுபவர், ஒருவர் கேட்பவர், ஒருவர் பார்வையாளர். பேசுபவர் நடிக்கக் கூடாது. சின்னதாக இருந்தாலும் தன் சொந்தக் கவலை ஒன்றைச் சொல்ல வேண்டும். நடித்தால் அழுகை வரும், குழப்பம் வராது. ஆலோசகருக்குப் பழக வேண்டியது குழப்பம். பதினைந்து நிமிடப் பேச்சு, பத்து நிமிடம் பார்வையாளர் கருத்து, பிறகு இடம் மாற வேண்டும். மூன்று சுற்றுக்கு 75 நிமிடம். ஒரு பயிற்றுநர் ஒரே நேரத்தில் நான்கு குழுக்களைத்தான் உருப்படியாகப் பார்க்க முடியும். ஆக ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர். அறுபது பேரை வைத்துக்கொண்டால் இருபது குழு. பதினாறில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

அதற்கடுத்தது எழுத்து. பத்து நிமிடப் பயிற்சிப் பேச்சை ஒலிப்பதிவு செய்து, சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், எல்லோரும் முனகுவார்கள். ஆனால் திருத்தம் நடப்பது அந்தத் தாளில்தான். முதல் மாதத்தில் வரும் தாள்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த மாதிரி இருக்கும்:

“வீட்டுக்குப் போகவே பிடிக்கல மிஸ்.”
“ஏன், அம்மா திட்டுறாங்களா?”
“ம்.”
“உன் நல்லதுக்குத்தானே திட்டுறாங்க? ஒழுங்காப் படிச்சா ஏன் திட்டப் போறாங்க?”
“ஆமா மிஸ்.”

ஐந்தே வரி. பெண் சொன்னது ‘வீடு’. ‘அம்மா’ என்ற சொல்லைக் கொண்டுவந்தது ஆசிரியை. வீட்டில் குடிக்கும் அப்பா இருக்கலாம், வாடகைக்கு வந்த மாமா இருக்கலாம், சோறே இல்லாமல் இருக்கலாம். ‘ம்’ என்பதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அடுத்த வரியில் அறிவுரைக்குப் போயாகிவிட்டது. ‘ஆமா மிஸ்’ என்றால் கதவு சாத்தியாகிவிட்டது என்று பொருள். அந்தப் பெண் திரும்ப வர மாட்டாள். இங்கே செய்ய வேண்டியது, “வீட்டுக்குப் போகவே பிடிக்கல…” என்று அவள் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுவது. ஆசிரியருக்கு இதுதான் கடினம். வகுப்பில் மௌனம் என்றால் விடை தெரியவில்லை என்று பொருள். இந்த அறையில் மௌனம் என்றால் குழந்தை யோசிக்கிறது என்று பொருள். இந்த ஒன்று கைவர எங்கள் அனுபவத்தில் எட்டு, பத்து தாள்கள் ஆகும்.

முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடம் தனியாகப் பயிற்சி தர வேண்டிய இடம். பழகாதவர் முதலில் சொல்வது, “என்கிட்ட தைரியமாச் சொல்லு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.” அது காப்பாற்ற முடியாத வாக்கு. சொல்ல வேண்டியது இப்படி: “நீ சொல்றது நமக்குள்ளதான் இருக்கும். ஆனா மூணு விஷயம் மட்டும் நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லியாகணும். உன் உயிருக்கு ஆபத்துன்னா, உன்னால வேற யாருக்காவது ஆபத்துன்னா, யாராவது உன்னை ஏதாவது பண்றாங்கன்னா. அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.” இதை மனப்பாடமாக, இயல்பான குரலில் சொல்லும்வரை ஒருவரை உண்மையான குழந்தையின் முன் உட்கார வைக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், அந்த மூன்றாவது விஷயம் சட்டம். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும். தராவிட்டால் 21-ம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் வழக்கு வராது என்றும் அதே 19-ம் பிரிவு சொல்கிறது. பயிற்சிகளில் தண்டனையைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஒரு மணி நேரச் சட்ட வகுப்பில் வராத பகுதி இன்னும் முக்கியம்: குழந்தை சொன்ன பிறகு என்ன கேட்கக் கூடாது என்பது. “அந்த சார் உன்னைத் தொட்டாரா?” என்று கேட்டால் பெயரையும் செயலையும் கேட்டவரே கொடுத்துவிடுகிறார், நாளை நீதிமன்றத்தில் அந்த வாக்குமூலம் ஆட்டம் காணும். “அப்புறம் என்ன நடந்துச்சு?” என்பதற்கு மேல் போக வேண்டாம். குழந்தை சொன்ன சொற்களை அதே சொற்களில் எழுதி, தேதியும் நேரமும் போட வேண்டும். தலைமையாசிரியர் முன் ஒருமுறை, தாளாளர் முன் ஒருமுறை, வகுப்பாசிரியர் முன் ஒருமுறை என்று குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது விசாரணை ஆகாது. அது இன்னொரு கொடுமை. விசாரிப்பது காவல்துறையின் வேலை. 24-ம் பிரிவு அவர்களுக்கே, வாக்குமூலம் பதியும்போது சீருடையில் இருக்கக் கூடாது என்று சொல்கிறது.

தற்கொலை எண்ணம் பற்றிய பயிற்சியை ஒரு படக்காட்சியில் முடிக்க முடியாது. “கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்தது ஆகிவிடுமே” என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆகாது. நேராகக் கேட்க வேண்டும்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” தோன்றுகிறது என்றால் எவ்வளவு நாளாக, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா, முன்பு முயன்றதுண்டா, இப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளைக் குரல் நடுங்காமல் கேட்கப் பழக, ஒத்திகை மட்டுமே வழி. பிறகு குழந்தையைத் தனியே விடக் கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் வெளியே ஒருவர் நிற்க வேண்டும். பெற்றோரை வரவழைத்து நேரில் ஒப்படைக்க வேண்டும். பேருந்தில் ஏற்றி அனுப்பக் கூடாது. வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வைக்கச் சொல்ல வேண்டும். விவசாயக் குடும்பம் என்றால் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். அன்றைக்கே அரசு மருத்துவமனை. இரவில் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; தமிழில் பேசலாம். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் கேட்டறிய வேண்டும்.

பள்ளிகளில் இதற்குப் பதிலாக நடப்பது, ‘இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்’ என்று எழுதி வாங்குவது. அந்தத் தாள் பள்ளியைக் காப்பாற்றலாம். குழந்தையைக் காப்பாற்றியதற்குச் சான்று கிடையாது. முயன்று பிழைத்த பிள்ளையைப் போலீஸ் வரும் என்று மிரட்டுவதும் தவறு. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-ம் பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

எல்லாவற்றையும் மனதின் தலையில் கட்டிவிடவும் கூடாது. வகுப்பில் தூங்கி விழும் பெண்ணுக்கு முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். கவனம் இல்லாத பையனுக்குக் கண்ணும் காதும் பாருங்கள். இரவு வேலைக்குப் போகிறானா என்று கேளுங்கள். அதன் பிறகுதான் மனச்சோர்வு, கற்றல் குறைபாடு எல்லாம். பரிந்துரைக் கடிதத்தில் நோயின் பெயர் எழுதுவது இன்னொரு பழக்கம். மூன்று நாள் பயிற்சி பெற்றவர் ‘டிப்ரஷன்’ என்று எழுதக் கூடாது. ‘மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, விளையாடப் போவதில்லை, இரண்டு முறை அழுதாள்’ என்று பார்த்ததை எழுத வேண்டும். மருத்துவருக்கும் அதுதான் பயன்படும். ‘எங்க பிள்ளை என்ன பைத்தியமா?’ என்று கேட்கும் தாயிடம் என்ன சொல்வது என்பதற்கும் ஒத்திகை வேண்டும்.

இனி, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆளைப் பற்றி. மேல்நிலை வகுப்புகளில் பாடத்துக்குப் பாடம் 10 அகமதிப்பீட்டு மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிறது. கணக்கு ஆசிரியரே ஆலோசகர் என்றால், கணக்கு வகுப்பில் தனக்கு மூச்சு முட்டுகிறது என்பதை அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? இது ஆசிரியர்கள்மேல் குறை அல்ல. இரண்டு வேடத்தை ஒரே ஆளுக்குக் கட்டியதில் உள்ள குறை. சாதி இன்னும் சிக்கல். 2023-ல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை உடன் படித்தவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, 500-க்கு மேல் மாணவர்கள் உள்ள பள்ளிகளுக்கு நல அலுவலர் என்று தனிப் பணியிடமே கேட்டது. தன் சாதி தன் கேள்விகளுக்குள் எப்படி நுழைகிறது என்று பார்க்கும் பயிற்சி எந்த அட்டவணையிலும் எங்கள் கண்ணில் படவில்லை.

இடமும் பதிவேடும் சின்ன விஷயம்போல் தெரியும். குழந்தை வெளியிலிருந்து தெரிய வேண்டும், பேசுவது கேட்கக் கூடாது. கண்ணாடி பதித்த கதவு போதும். அலுவலக உதவியாளரை அனுப்பி வகுப்பு நடுவே பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. குறிப்புகளில் பெயருக்குப் பதில் எண், பூட்டிய அலமாரி, சாவி ஒருவரிடம். இவ்வளவும் கற்றுத்தந்துவிட்டு மாதக் கடைசியில் ‘ஆலோசனை வழங்கியதற்கான புகைப்படம், இடக்குறியீட்டுடன்’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டால், கற்றுத்தந்தது அன்றோடு முடிந்தது. அந்தப் படத்தில் இருப்பது ஒரு குழந்தை.

மேற்பார்வை என்றதும் இங்கே எல்லோருக்கும் ஆய்வு நினைவுக்கு வருகிறது: பதிவேட்டைக் கொண்டா, கையெழுத்தைக் காட்டு. நாங்கள் சொல்வது வேறு. மூத்த ஆலோசகர் ஒருவரோடு ஆறு முதல் எட்டுப் பேர் மாதம் இருமுறை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பெயர் மறைத்து, எங்கே தடுமாறினோம் என்று பேசுவது. தொடர் பயிற்சி என்று ஒன்று உண்டென்றால் அது முதலில் இதுதான். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கருத்தரங்கு அல்ல. உதட்டுக்கடியில் வைக்கும் புகையிலைப் பொட்டலமும், கைபேசிச் சூதாட்டமும், மாற்றி ஒட்டிய படத்தை வைத்து மிரட்டுவதும் முதலில் தலைகாட்டும் இடம் அந்தக் கூட்டம்தான். மேற்பார்வை இல்லாத ஆலோசகர் ஒன்று மரத்துப்போவார், அல்லது உடைந்துபோவார்.

ஆகவே நாங்கள் கேட்பவை.

மூன்று நாள் பயிற்சி பெற்றவர்களை ‘ஆலோசகர்’ என்று அழைக்கும் உத்தரவுகளைத் திரும்பப் பெறுங்கள். ‘முதல் தொடர்பு ஆசிரியர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த வேலையை அவர்கள் நன்றாகவே செய்வார்கள். அந்தப் பயிற்சியை எல்லா ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை கொடுங்கள்.

ஆலோசகர் பணிக்கு உளவியல் அல்லது சமூகப் பணியில் முதுகலையோ, ஓராண்டு ஆலோசனைப் பட்டயமோ தகுதியாக வையுங்கள். அதோடு குறைந்தது 100 மணி நேரம் மேற்பார்வையுடன் குழந்தைகளைச் சந்தித்ததற்கான பதிவேடு கேளுங்கள். அஞ்சல் வழிப் பட்டயம் மட்டும் போதாது. விருப்பமுள்ள ஆசிரியர்களை மாவட்டத்துக்குப் பத்துப் பேராவது முழுச் சம்பளத்தோடு ஓராண்டுப் படிப்புக்கு அனுப்புங்கள். விருப்பத்தைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் பாடவேளை தராதீர்கள்.

பயிற்சி அணி பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். நேரத்தில் பாதிக்குக் குறையாமல் செய்முறைக்கு ஒதுக்குங்கள். மாதம் இருமுறை மேற்பார்வைக் கூட்டத்தைப் பணி நேரமாகவே கணக்கிட்டு, பயணப்படியும் கொடுங்கள்.

ஒவ்வொரு ஆலோசகர் கையிலும் ஒரு பக்கத் தாள் இருக்கட்டும்: அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்கும் நாட்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, குழந்தைகள் உதவி எண் 1098, 14416, காவல் நிலையம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்களை யாராவது அழைத்துப் பார்த்துத் திருத்தட்டும்.

ஆலோசனை அறையில் புகைப்படம் எடுக்கச் சொல்லும் வழக்கத்தை இந்த மாதமே நிறுத்துங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

அடுத்த அணிக்கு அட்டவணை அச்சாகும் முன், இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை எந்தக் காரணத்தால் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பள்ளி ஆலோசகர் பயிற்சியிலும் மேற்பார்வையிலும் பணியாற்றுவோர்